கேமரன் மலைக் குளிரில் எரிந்த மஞ்சள் விளக்கு

சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் கேமரன் மலைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போன மாதம் ஒரு சனி, ஞாயிறில் போய் வந்தோம். என் மனைவி கவிதாவுக்கு வேலை கிடைத்ததைக் கொண்டாடத்தான் இந்தப் பயணம். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, நாற்பத்தாறு வயதில் நேர்காணலுக்கு மேல் நேர்காணலாக அலைந்து வாங்கிய வேலை அது. திங்கள் காலை எட்டரைக்கு முதல் நாள். அதற்குள் குளிர்க்காற்று வாங்கி வரலாம் என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு குவீன்ஸ்டவுனிலிருந்து கிளம்பினோம். முந்தின நாள் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய சப்பாத்தியும் கிழங்கும் பையில் இருந்தன. துவாஸ் சோதனைச்சாவடியில் நாற்பது நிமிடம். தாப்பா வரை நெடுஞ்சாலை, பிறகு அறுபது கிலோமீட்டர் வளைவுகள். மொத்தம் சுமார் 540 கிலோமீட்டர். பிற்பகல் இரண்டு மணிக்கு மலை மேலுள்ள தானா ராத்தா ஊருக்கு வந்தோம். அறை வாடகை 260 ரிங்கிட்.

வந்ததும் வராததுமாக அங்கிருந்த பெட்ரோல் நிலையத்தில் டயர் காற்றைப் பார்த்தேன். கதவோரத்து ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருந்தது, கருவியோ 37 காட்டியது. அதிகம் என்று நினைத்து நான்கு டயரிலும் 33-க்கு இறக்கினேன். 'மலை ரோட்டுக்கு இதெல்லாம் முக்கியம்' என்று கவிதாவிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஞாயிறு காலை ஆறே முக்கால், பதினைந்து டிகிரி. காரை எடுத்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. லாடம் போல ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி. பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியும் நான் பார்த்திராத விளக்கு. கவிதா கையேட்டைப் புரட்டி, டயரில் காற்று குறைவு என்று கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, டயர் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. ஆணி ஏதாவது குத்தியிருந்தால் அந்த டயரோடு வளைவுகளில் இறங்க முடியாது.

அவள் அதற்குள் கைப்பேசியில் பேருந்து தேடியிருந்தாள். "பத்தரைக்கு சிங்கப்பூர் பஸ், ஒரு சீட் இருக்கு. ஒம்பது மணிக்குள்ள சரியாகலைன்னா நான் புக் பண்ணிட்டுப் போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க." சுருக்கென்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் நியாயம். ஒன்பதுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினேன்.

பெட்ரோல் நிலையத்தில் அளந்தால் நான்கு டயரும் 26. பின்னால் காய்கறி லாரியோடு காத்திருந்த தமிழர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆணின்னா ஒரு டயர்தான் எறங்கும். நாலும் ஒரே அளவா எறங்காது அண்ணே. நேத்து கை வச்சீங்களா?"

கவிதாவின் முன்னால் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"சூட்டுல பாத்து எறக்கிட்டீங்க லா! ஓடி வந்த டயர் கூடத்தான் காட்டும். ராத்திரி குளிர்ல எறங்கிப்போச்சு. இப்ப முப்பத்திமூணு அடிங்க. கீழ போய் ஏறினாலும் தொடாதீங்க."

சிங்கப்பூரில் வீட்டருகே ஐந்து நிமிடம் ஓட்டிப் போய், டயர் சூடாவதற்குள் காற்றடிப்பவன் நான். குளிரே இல்லாத ஊரில் இந்தத் தப்பு எப்படித் தெரியும்?

நான்கிலும் 33 அடித்தேன். கவிதா அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. "பக்கத்து ஊர் பிரிஞ்சாங் வரைக்கும் ஓட்டிட்டு வந்து திரும்ப அளந்து பாப்போம்," என்றாள். இரண்டாவது கிலோமீட்டரில் விளக்கு அணைந்தது. திரும்பி வந்து அளந்தோம், எதிலும் குறையவில்லை. எட்டு நாற்பதுக்கு அவள் பேருந்துப் பக்கத்தை மூடினாள்.

வழியில் ஓய்விடத்தில் 37 காட்டியபோது என் கை தானாக வால்வுக்குப் போனது. "கைய எடுங்க," என்றாள். எடுத்துவிட்டேன். துவாஸில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்று, இரவு ஏழரைக்கு வீடு சேர்ந்தோம்.

போகிறவர்கள் காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். மலையேறி வந்த சூட்டில் காற்றை இறக்காதீர்கள். விளக்கு எரிந்தால் நான்கையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் ஓட்டாதீர்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் சட்டப்படி கட்டாயம்.

திங்கள் காலை அவளைக் காரில் கொண்டு விடுகிறேன் என்றேன். "இன்னிக்கு வேணாம், ரயில்ல போறேன்," என்று சிரித்தபடி கிளம்பினாள். எட்டு இருபதுக்குச் செய்தி வந்தது. புது அலுவலக அட்டையில் அவள் படம், கீழே ஒரே வார்த்தை: 'வந்துட்டேன்.' வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் காரிலேயே உட்கார்ந்து அழுதேன்.