அப்புச்சி சாப்பிட்ட இலை

"அம்மாயி, உங்களுக்குப் புது இலை போட்டிருக்கேனுங்க," என்றாள் ஜானகி.

"எனக்கெதுக்கு சாமி? அப்புச்சி தின்ன எலை இருக்குதே."

"அது எச்சிலுங்க."

கை கழுவிக்கொண்டிருந்த அப்புச்சி சிரித்தார். "புருசன் எச்சிலு பொண்டாட்டிக்கு எச்சிலா? சேலத்துப் பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

ஜானகியின் தாயைப் பெற்ற அப்புச்சி குழந்தைவேலும் அம்மாயி முத்தாயம்மாளும் பரமத்தி வேலூரிலிருந்து சேலத்தில் அவள் வீட்டுக்கு ஒரு வாரம் ஊர் பார்க்க வந்திருந்தார்கள். முத்தாயம்மாள் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபட்டாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள், கணவர் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே சாப்பிட்டாள்.

சங்ககிரிக் கோட்டை அடிவாரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோதும் அதே கூத்து. மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தபோதும் அதே கூத்து. கிழவர் மென்று துப்பிய முருங்கைச் சக்கையை அம்மாயி விரலால் ஓரம் தள்ளிவிட்டு, ஈ மொய்க்க மொய்க்க அதிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டாள். சொரணையில்லாத பொம்பளை என்று அவள் மேலேயே ஜானகிக்கு அருவருப்பு வந்தது.

ஊர் திரும்பும் நாள் காலையில் அப்புச்சி சாப்பிடாமலே பஸ்ஸை விசாரிக்கப் போனார். அம்மாயி சமையற்கட்டுக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அவரு வாரதுக்குள்ள எனக்கொரு புது எலை போடு சாமி," என்றாள் தணிந்த குரலில். "உப்புல இருந்து எல்லாத்தையும் நீயே வெச்சுப் பரிமாறு."