கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்த ஆள்

வளைகுடாவில் நாங்கள் குடியிருந்த குதைபியாவில் பிறந்தநாள் என்றால் எங்களுக்குக் கேக்கைவிட விளையாட்டுதான் முக்கியம். ஓடியாட வெளியே இடமேது? ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளினால் அதுதான் மைதானம். மியூசிக்கல் சேர், பலூன் உடைப்பது, கடைசியாகக் கண்ணைக் கட்டி ஆளைப் பிடிப்பது. பிடித்தால் மட்டும் போதாது, கையைத் தடவிப் பார்த்து யாரென்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவுட். இந்த ஆட்டத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர். ஏழு வயதில் அதைவிடப் பெரிய திமிர் இருக்க முடியாது.

அன்றைக்கு மேல்மாடி நாகர்கோவில் ஆன்ட்டி வீட்டில் அவர்கள் பையனுக்குப் பிறந்தநாள். ஆன்ட்டி நர்ஸ். விருந்து தொடங்கும் நேரம் பார்த்து ஏசி நின்றுபோனதால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா ஏசி மெக்கானிக். அப்போது அவருக்கு விசா இல்லை. கஃபீல், அதாவது அவர் விசாவுக்குப் பொறுப்பான அரபி, கடையை மூடிவிட்டு, ஆள் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் விசாவும் அப்பாவுடையதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பிடிபட்டால் அம்மாவும் நானும் உள்ளே போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாரே என்று நான் சந்தோஷமாக இருந்தேன், போங்கள்.

என் முறை வந்தது. ஆன்ட்டி தன் துப்பட்டாவை மடித்துக் கண்ணைக் கட்டி, மூன்று சுற்று சுற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. டூட்டி முடிந்து மாமாக்கள் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். புது ஆண் குரல்கள் கேட்டன, அரபியும் இந்தியும் கலந்து. “பதாக்கா” என்றார் ஒருவர். அட்டையைக் காட்டு என்று அர்த்தம். பிறகு சத்தமே இல்லை. இந்த ஆட்டத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே நிற்பார்கள்? எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வந்திருந்தவர்கள் சிஐடிக்காரர்கள். ஓடிப்போன மெக்கானிக்கைத் தேடி வந்திருந்தார்கள்.

“ஃபேமிலி நஹி சாப். மே அகேலா.” குடும்பம் கிடையாது, ஒற்றை ஆள் என்று இந்தியில் ஒரு குரல் சொன்னது.

குரல் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார் என்பதுதானே ஆட்டம். அந்தப் பக்கம் பாய்ந்து கையைப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே வெல்டிங் சுட்ட தழும்பு. தடவிப் பார்க்கவே தேவையில்லை.

“அப்பா!” என்று கத்தினேன்.

யாரும் கைதட்டவில்லை. அந்தக் கை மட்டும் என் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக விடுவித்தது. “பச்சி ஹை சாப்.” சின்னக் குழந்தை, தெரியாமல் பிடித்துவிட்டது என்பதுபோல.

“தப்பு மக்ளே, தப்பு! நீ அவுட்டு!” என்று ஆன்ட்டி கூவினார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, அவுட் அவுட் என்று குதித்தார்கள். நான் துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தேன். எதிரே அப்பாதான் நின்றார், இரண்டு பேருக்கு நடுவில், கையில் ஸ்குரூ டிரைவரோடு. ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அதற்குள் ஆன்ட்டி வீட்டு மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“மக்ளே, அப்பா இங்க நிக்கேன்லா?” என்றார் மாமா.

எத்தனை பெரிய அழுகுணி ஆட்டம்! மாமாவின் தோளில் குத்திவிட்டு அம்மாவைத் தேடினேன். பெண்களுக்கு நடுவே அம்மா வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீயே சொல்லும்மா.”

“அது அப்பா இல்லடி,” என்றாள் அம்மா. வந்தவர்களில் ஒருவர் அம்மாவையும் என்னையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார். “யல்லா,” என்றார், நட போகலாம் என்று. அப்பா திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு போனார்.

அவரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். விசா இல்லாதவர்கள் தண்டனையின்றி ஊர் திரும்பலாம் என்று பொதுமன்னிப்பு அறிவிக்கும்வரை நாங்கள் ஆன்ட்டி வீட்டு உள்ளறையில்தான் கிடந்தோம். அப்பா தம்பியை முதன்முதலாகப் பார்த்தபோது அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு ஆட்டம்தான் பெரிது. சரியாகச் சொன்னவளை ஊரே சேர்ந்து ஏமாற்றிவிட்டதே என்று தரையில் புரண்டு அழுதேன். கதவு சாத்தியதும் அம்மாவும் என் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்து, வயிற்றை மூடியிருந்த துப்பட்டாவையே வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். என்னை ஏமாற்றியதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன்.

“சரி அழாதம்மா. அது அப்பா இல்ல. நான் அவுட்டு,” என்றேன்.

அம்மா அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டு அழுதாள். நான்தான் தோற்றதாக ஒப்புக்கொண்டுவிட்டேனே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.