காதர் அண்ணன் கழற்றாத ரிலே

மலை அடிவாரத்தில் பஸ் நின்றிருந்தபோது முன் இருக்கைக்காரர் போனில் யாரிடமோ சொன்னார்: "ஒண்டிக்கடை மைக்செட் பாய் போயிட்டாருங்க. மத்தியானம் நெஞ்சு வலின்னாராம்." எந்த பாய் என்று கேட்க வேண்டியதில்லை. மலைமேல் ஒண்டிக்கடை ஊரில் மைக்செட் கடை ஒன்றுதான்.

அந்தக் கடையின் காதர் அண்ணன் ஆம்ப்ளிஃபயர்களை வீட்டிலேயே கட்டியவர். கிளியூரில் எஸ்டேட் வேலைக்குப் போகும் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலை தேடிய நாட்களில் அவரோடு உட்கார்ந்து சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைத்தேன். அவருடைய பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு ரிலே உண்டு. ஸ்பீக்கர் ஒயர் எங்காவது ஒட்டிக் கரண்ட் அளவுமீறிப் பாய்ந்தால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இல்லையென்றால் டிரான்சிஸ்டர் வெந்து, ஸ்பீக்கரின் சுருள் காய்ந்து, காகிதக் கூம்பு பற்றிக்கொள்ளும். எஸ்டேட் லைன் வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. "சத்தம் நின்னா மறுபடி போட்டுக்கலாம். ஊடு எரிஞ்சா?" என்பார்.

எங்கள் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவில் அந்த ரிலேதான் அவரைத் தலைகுனிய வைத்தது. பம்பைக்காரர் மைக் அருகே வந்து ஓங்கி அடித்ததும் சத்தம் நின்றது. அண்ணன் மறுபடி போட்டார், மறுபடி நின்றது.

"ஏனுங்க பாய், உங்க பெட்டி புதுப்பொண்ணாட்டம் நொம்ப வெக்கப்படுதுங்களே! பம்பையைக் கேட்டா வாய மூடிக்குது" என்றார் கோயில் கமிட்டித் தலைவர். கூட்டம் சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார்.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. மறுநாள் கடையில் சொன்னேன்: "நாம பள்ளிவாசல் பயான் பேச்சை ஓட்டித்தானேண்ணா சோதிச்சோம். பேச்சு ஒரே சீரா வரும். பம்பை அடி சட்டுனு ஏறி இறங்குது. ரிலே அதையும் கோளாறுன்னு எடுத்துக்குது."

"அட சாமி! பயான் கேட்டு வளந்த பெட்டிக்குப் பம்பை எங்க தெரியும்?" என்று சிரித்தார். பம்பைக்காரரையே டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்து கடைக்குள் அடிக்கவிட்டார். கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, நொடியில் அடங்கும் அடியை ரிலே பொறுத்துக்கொள்ளும்படி செய்தோம். தெருவே எட்டிப் பார்த்தது. அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நோம்பிக்குக் கமிட்டியார் அதே ஒயரில் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கரை மாட்டினார்கள். கரண்ட் அளவுமீறியது. சத்தம் நின்றது. "அந்த ரிலேயைக் கழட்டிக் குடுங்க, இல்லீன்னா சேலத்துல செட்டு எடுத்துக்கறோம்" என்றார்கள்.

"எடுத்துக்குங்க" என்றார் அண்ணன். எடுத்துக்கொண்டார்கள். மற்றக் கோயில்களும் பின்னாலேயே போயின. கடைசியில் கடை பாதி நாள்தான் திறந்திருந்தது. "ஊரு ஊடு எரியக் கூடாதுன்னு பாத்தாரு. இந்த ஊட்டுல அடுப்பு எரிஞ்சுதான்னு பாக்கல" என்று அவர் மனைவி சபூரா அக்கா, துக்கம் கேட்கப் போன என்னிடம் சொன்னார்.

நான் அங்கே இருந்தபோதே கமிட்டித் தலைவர் வந்தார். அக்காவிடம் துக்கம் கேட்டார். பிறகு அண்ணன் கடைசியாகக் கட்டிய பெட்டியைக் காட்டினார். "நாங்களே விலைக்கு எடுத்துக்கறோம், இவங்களுக்கும் ஒத்தாசையாச்சு. அந்த ரிலேயை மட்டும் கழட்டிடு கண்ணு."

அக்கா என்னையே பார்த்தார்.

"கழட்ட மாட்டனுங்க" என்றேன். "ரெண்டு ஸ்பீக்கரைக் கொறைச்சுக்குங்க, நிக்காம பாடும்."

அவர் எழுந்து போய்விட்டார். "நீயுமா?" என்றார் அக்கா. கோபமா அழுகையா, எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மறுப்பு. அதற்கான விலையை அக்காவும் சேர்ந்து கொடுக்கிறார் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவரை அறிந்தவர்களில் யாராவது அதை ரிலேயோடு வாங்கிக்கொள்வீர்களா?