முதுகு மிதித்த மகள்

ஆரணியில் இரண்டாம் வகுப்பு படித்தபோது எனக்கொரு உத்தியோகம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பாயில் குப்புறப் படுப்பாள். தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகில் ஏறி நான் மிதிக்க வேண்டும். "இன்னும் அழுத்தி மிதிடி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்பாள். அம்மாவையே மிதிக்கும் பாக்கியம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தாத்தா பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். நல்ல கனத்த உடம்பு. தூக்கி உட்காரவைப்பது, புரட்டுவது, துடைப்பது எல்லாம் அம்மா ஒருத்திதான். தறியில் கைவைக்கும் ஆண்பிள்ளை மலஜலம் தொடக்கூடாதாம். அப்பா அந்த ஒரு ஆசாரத்தை மட்டும் தவறாமல் காத்தார். டாக்டர் ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார். தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்த அத்தை, தாத்தா பெற்ற மகள்தான், குதித்தாள். "மருமவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கூலிக்கு ஆள் வெக்கிறதா? ஊரு காறித் துப்பாது?"

"நானே பார்த்துக்கிறேங்க" என்றாள் அம்மா. அத்தை காபியைக் குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

தாத்தா போய்ச் சேர்ந்து, கருமாதி அன்று உறவுகள் கூடி அம்மாவை மெச்சிப் பட்டுப்புடவை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு தாத்தா படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. "மாமனார் மேல இன்னா பாசம் பாருங்க! எழுந்திரிக்க மனசு வரல அவளுக்கு" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். கைகொடுத்துத் தூக்க ஒரு நாதி இல்லை. திவசத்துக்குத் திவசம் அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்றும் வருகிறது, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகளோடு. தூ!

விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே! ஓடிப்போய் வழக்கம்போல் முதுகில் ஏறி மிதித்தேன். அம்மா அலறினாள். அப்பா என்னை இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். "பெத்தவள மிதிக்கிறியே, கழுத! ஏன்டி மிதிச்ச?"

அன்று பதில் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப் போயிருப்பார்கள். அம்மாவை, துக்கம் தாங்காமல் அழுகிறாள் என்று உள்ளே படுக்கவைத்தார்கள். இன்று வாக்கர் இல்லாமல் அம்மாவால் கழிப்பறைவரைகூட நடக்க முடியாது. அன்று நானோ வாயைத் திறக்கவில்லை. அம்மா ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டே, அறைபட்ட கன்னத்தைத் தேய்த்தபடி நின்றேன்.