ஊசிக்குப் பயந்தவர் என்று நினைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், காலண்டர் சீசன் மும்முரமாக இருந்த நேரம். சிவகாசியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்து அச்சகத்திலிருந்து ஒரு பீகார் இளைஞரைக் கூட்டி வந்தார்கள். பேப்பர் வெட்டும் மெஷினில் உள்ளங்கை கிழிந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி சுத்தமாக வராது. கூட வந்த மேஸ்திரிதான் நடுவில் மொழிபெயர்ப்பாளர்.

வலி ஊசி போடச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். ஊசியைப் பார்த்ததும் அந்த இளைஞர் பதறி நகர்ந்தார். கடகடவென்று என்னவோ சொன்னார். நல்ல கையால் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"தண்ணி கேக்கான் சிஸ்டர். ஊசின்னா பயம் வேற. நீங்க போட்டு விடுங்க, அங்கன லோடு ஏத்தாமக் கெடக்கு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. மறுபடியும் அதே பேச்சு, அதே சைகை. அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா அர்த்தம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். "ஆம்பள ஆளு, ஊசிக்குப் போயி இப்படியா?" என்று சிரித்துக்கொண்டே, மேஸ்திரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஊசியைப் போட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். மாற்று மருந்து, ஆக்சிஜன், டிரிப்ஸ் என்று போராடினோம். அந்த இளைஞர் என் கையை இறுகப் பிடித்திருந்தார். மூச்சு சீராக அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் கும்பிடாத சாமி இல்லை.

பிறகு, கொஞ்சம் தமிழ் பழகிய அவருடைய அறைத்தோழரை போனில் பிடித்தோம். முன்பு சொந்த ஊரில் வலி ஊசி போட்டபோதும் இவருக்குத் தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரும்பாடாம். அதைத்தான் அத்தனை நேரமும் சொல்லியிருக்கிறார்.

"தூக்கு, எறக்கு, சீக்கிரம்... எனக்கு அம்புட்டு இந்திதான் சிஸ்டர் தெரியும்" என்றார் மேஸ்திரி. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவசரப்பட்டது நான்.

சாயங்காலம் அந்த இளைஞரின் கட்டிலருகே போய் நின்றேன். எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது? கையைக் கூப்பினேன். அவர் தலையசைத்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். உயிருக்குப் பயந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் ஒரே ஒருமுறை கைகூப்பியது அவருக்கு உடனே புரிந்துவிட்டதே என்ற வெட்கம், இன்றும் ஒவ்வொரு ஊசியை எடுக்கும்போதும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.