கேற்றைத் தொடாத வல்லாரை

அப்போது எனக்கு எட்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே, மதிலுக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண் சும்மா கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சின்னம்மா அதை விட்டுவைக்கவில்லை. சந்தையில் வாங்கிய வல்லாரைப் பிடியில் இலையைச் சம்பலுக்கு அரிந்துவிட்டு, வேரோடிருந்த தண்டுகளை அங்கே ஊன்றிவிட்டார். அரிசி கழுவிய தண்ணீர் தினமும் அதற்குத்தான்.

சின்னம்மாவின் மாப்பிள்ளை கனடாவில். பத்து நாள் லீவில் வந்து, கலியாணப் பதிவெழுதிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். அவர் போன் எடுத்தால் சின்னம்மா ‘ஓம், ஓம்’ என்பதற்கு மேல் கதைத்து நான் கேட்டதில்லை. விசா வரவேண்டியதுதான் பாக்கி.

வல்லாரையோ நிலத்தோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, வாசல் கேற்றை நோக்கி ஊர்ந்தது. ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துச் சின்னம்மாவிடம் சொன்னார்:

“உது கேற்றடிக்கு வரேக்க உனக்கும் விசா வந்திடும், பாரன்.”

அம்மா வாயில் வந்ததைச் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். சின்னம்மா போய்விட்டால் நோகாமல் சீப்பால் எனக்குத் தலை இழுப்பது யார்? பக்கத்தில் படுப்பது யார்? மறுநாளிலிருந்து, பள்ளிக்கூட வான் வருமுன் நகவெட்டியோடு கீழே இறங்கி, முன்னால் ஓடும் கொடிகளின் நுனியை நறுக்கத் தொடங்கினேன். கனடா அரசாங்கத்தை ஒரு நகவெட்டியால் மறித்து வைத்திருந்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. வெளியே மழை வேறு. கொடி இந்நேரம் கேற்றைத் தொட்டிருக்கும் என்று படுத்தபடியே அழுதேன். எழும்பியதும் ஓடிப்போய்ப் பார்த்தால், அது விட்ட இடத்திலேயே நின்றது. நுனிகள் எல்லாம் நேராக வெட்டுப்பட்டிருந்தன.

“சின்னம்மா, இதை ஆர் வெட்டினது?”

அவர் வாளியை வைத்துவிட்டு மதிலைப் பார்த்தார்.

“நத்தை தின்னுது போல, பிள்ளை. அம்மாட்டைச் சொல்லாதை. மருந்தடிச்சுப் போடுவா.”

நான் சொல்லவில்லை. என் பக்கம் நிற்கும் நத்தைகளை நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

ஆனாலும் விசா வந்துவிட்டது. கேற்றுக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது. அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னார். சின்னம்மா தலையிடி என்று படுத்துக்கொண்டார். விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று, வாசலில் நின்ற வானுக்குள் ஏறுமுன் வல்லாரைப் பாத்தியைப் பார்த்து அழுதார். என்னை விட்டுவிட்டு ஒரு கீரைக்காக அழுகிறாரே என்று எனக்குக் கோபம்.

அதன் பிறகு நகவெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் வல்லாரை கேற்றைத் தாண்டி வெளியே தெரு ஒழுங்கைக்குள் இறங்கியது. ஒரு நுனியில்கூடக் கடி இல்லை. நத்தைகளும் சின்னம்மாவோடு கனடாவுக்குப் போய்விட்டன என்றுதான் நினைத்துக்கொண்டேன்.