ஸ்டீபன் விட்டுவிட்டு வந்த பதினேழு கேள்விகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலையின் வரவேற்பறையில் என் படத்தை மாட்டினார்கள்.

பதற வேண்டாம். மாலை போடவில்லை. கீழே விளக்கும் ஏற்றவில்லை. படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். கணினி வலையமைப்பை நிறுவவும் பராமரிக்கவும் இவர் தகுதி பெற்றவர் என்று பளபளப்பான தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், இவருக்கு நெட்வொர்க் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். எனக்கு அது தெரியும் என்பது இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது.

மனிதவளப் பிரிவு மேடம் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். இருந்திருந்தால் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியிருக்கக்கூடிய ஒருவன் மட்டும் அங்கே இல்லை. அவன் இல்லாததற்குக் காரணம் நான். இந்த வாரப் பத்தியில் அதைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பதற்கு அதிகம் இருக்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் பெயர் ஸ்டீபன். என் உதவியாளன் – ஆவணங்களின்படி.

மலேசியாவின் மரச்சாமான் ஊரான மூவாரில் மேசை, நாற்காலி, கட்டில் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. எங்கு பார்த்தாலும் மரத்தூள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் அந்தத் தூளை இழுத்து இழுத்து, ஒரு நாள் மூச்சடைத்து நின்றுவிடும். அதற்காகவே ஸ்டீபன் ஒரு பெயிண்ட் பிரஷ் வைத்திருந்தான். வாரம் ஒரு முறை ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் தூசி தட்டுவான். எந்தத் தூணுக்குப் பின்னால் எந்தக் கேபிள் போகிறது, எந்தக் கூரைப் பலகைக்கு மேல் எலி குடும்பம் நடத்துகிறது – எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப்பா" என்பேன். இதற்கு மேற்பார்வை என்று பெயர்.

இந்த வருடம் கம்பெனி கை மாறியது. புது நிர்வாகத்துக்குக் காகிதத்தில் நம்பிக்கை அதிகம். மேடம் எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்தார்.

"நெட்வொர்க் ரூம்ல இருக்கிறவங்க கண்டிப்பா சர்ட்டிபிகேட் வச்சிருக்கணுமாம். மூணு மாசம் டைம் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள பாஸ் பண்ணலன்னா கான்ட்ராக்ட் ரினியூ ஆகாது. என் கையில ஒண்ணும் இல்ல, லா."

வெளியே வந்ததும் ஸ்டீபன் சொன்னான்: "மூத்தவளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை, அண்ணே. வீட்டுல ரெண்டு பேரு சேர்ந்து படிக்க வேண்டியதுதான்."

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்று பிள்ளைகள், ஒரே சம்பளம். வேலை போனால் என்ன ஆகும் என்று அவன் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பரீட்சை நிலையம் ஜொகூர் பாருவில். அங்கே இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்கள். நாங்கள் தயாராகி இடம் தேடியபோது கடைசி மாதத்தில் இரண்டு இடங்கள்தான் மிச்சம். ஒன்று முதல் வாரம். இன்னொன்று கடைசி வாரம்.

"நீ முதல்ல போ. எப்படி இருக்குன்னு வந்து சொல்லு" என்றேன்.

விட்டுக்கொடுத்தது போல இருந்தது. அவன் நன்றி வேறு சொன்னான்.

சனிக்கிழமை காலைகளில் ஆற்றோரத்து மீ பண்டுங் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து படித்தோம். ஸ்டீபனுக்குக் கையால் செய்வது எல்லாம் வரும். நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்களுக்கான முகவரிகளைக் கூறு போடும் கணக்குதான் வரவில்லை. "ஒரு காணியை நாலாப் பிரிச்சாலே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போறான். இங்க முப்பத்திரண்டாப் பிரிச்சு, எல்லாருக்கும் சமமாக் குடுன்னு சொல்றானே" என்பான். சொல்லிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்ப்பான். நான்கு சனிக்கிழமைகளில் பத்துக்கு ஏழு சரியாக வர ஆரம்பித்தது. எனக்கு ஆறு.

அடுத்து நடந்ததுதான் விஷயம்.

நான் யார்? பரீட்சைக் காலம் வந்தால் இதே இடத்தில் மாணவர்களுக்கு யோசனை எழுதுகிறவன். ஏழெட்டு வருடமாக எழுதுகிறேன். நீங்களும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் தவறாமல் வருவது நட்சத்திரத் தந்திரம். நினைவிருக்கிறதா? தெரியாத கேள்வி வந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போடு. அடுத்ததற்குப் போ. எல்லாம் முடிந்ததும் நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வா. நான் படித்த பெக்கான் நானாஸ் பள்ளியில் எங்கள் வகுப்பே அப்படித்தான் கரையேறியது. இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி வாசலை மிதித்தவர்களில் பாதிப் பேராவது இதைச் செய்திருப்பார்கள்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை ஸ்டீபன் கேட்டான். "கடைசியா ஏதாச்சும் டிப்ஸ் இருக்கா, அண்ணே?"

கேட்கவா வேண்டும்?

"தெரியாததுல உக்காந்துடாத. விட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. கடைசியில திரும்பி வந்து பாத்துக்கலாம். அப்புறம், ஆரம்பத்துல ரெண்டு மூணு பக்கம் ஏதோ விளக்கம் எல்லாம் வரும். அதைப் படிச்சுக்கிட்டு இருக்காத. நேரம் போயிடும்."

"நீங்க இந்த மாதிரி எழுதியிருக்கீங்களா?"

"எத்தனை பரீட்சை பாத்திருப்பேன்..." என்றேன்.

அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவன் கவனிக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் சொன்னதை எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டான்.

பரீட்சை அன்று மாலை அவன் நேராகத் தொழிற்சாலைக்கே வந்தான். ஜொகூர் பாருவிலிருந்து இரண்டரை மணி நேரம் பைக்கில். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நெட்வொர்க் அறை வாசலில் நின்றான்.

"என்ன?" என்றேன்.

"போச்சுண்ணே."

"கணக்கு வரலையா?"

"அதெல்லாம் வந்துச்சு. கஷ்டமானதை மட்டும் விட்டுட்டேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு போய்ட்டே இருந்தேன். அது கேக்கத்தான் செஞ்சது, பதில் போடலையே, போலாமான்னு. நான்தான் போலாம்னு அமுக்கினேன்."

"எத்தனை விட்ட?"

"பதினேழு."

"சரி, திரும்பி வந்து..."

"திரும்ப முடியாதுண்ணே. அந்தப் பரீட்சையில பின்னால போற பட்டனே கிடையாது. கடைசி கேள்விய முடிச்சேன், திரும்பிப் போலாம்னு பார்க்கிறேன்... முடிஞ்சது, நன்றின்னு வருது. அலமாக், ஐயோன்னு ஆயிருச்சு." ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றினான். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. அம்பது நிமிஷத்தைக் கையில வச்சுக்கிட்டு வெளிய வந்தேன். வாசல்ல உக்காந்திருந்த பொண்ணு கேட்டுச்சு, 'அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா அங்கிள், கெட்டிக்காரருதான்'னு."

எத்தனை மதிப்பெண்ணில் போனது என்று கேட்டேன். பதினேழில் நாலு சரியாக வந்திருந்தால் போதுமாம். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றை அமுக்கியிருந்தாலே நாலு தேறியிருக்கும்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. தப்பு என்னுடையது, ஸ்டீபன். மூச்சு விடாமல் சொல்லி முடிக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஆரம்பத்துலயே போட்டிருப்பானே. நீ படிக்கலையா?"

"நீங்கதானே..." என்று தொடங்கினான். பிறகு நிறுத்திக்கொண்டான். "ஆமாண்ணே. படிச்சிருக்கணும்."

கிளம்பும்போது அவனே சொன்னான்: "நீங்க போகும்போது ஞாபகம் வச்சுக்குங்க. தெரியலன்னாலும் ஏதாச்சும் ஒண்ணை அமுக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்."

தோற்றுவிட்டு வந்தவன் எனக்குச் சொன்ன யோசனை அது. நான் அவனுக்குச் சொன்னதைவிட நல்ல யோசனை.

ஒரு வாரம் கழித்தால் மறுபடி எழுதலாம் என்பது விதி. ஆனால் இடம்? அந்த மாதம் முழுக்க நிரம்பிவிட்டது. தினமும் இணையத்தில் தேடினான். ஒரு இடமும் இல்லை. அவகாசம் கொஞ்சம் நீட்டிக்க முடியுமா என்று மேடத்திடம் கேட்டான். அவர் மேலே எழுதிக் கேட்டார். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "உங்க தேதியை அவருக்குக் குடுத்துடலாம்ல?"

"பேரு மாத்த முடியாது, மா."

நான் சொன்னது பொய் இல்லை. பெயரை மாற்ற முடியாதுதான். ஆனால் என் பதிவை ரத்து செய்தால் அந்த இடம் காலியாகும். ஸ்டீபன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுத்த நிமிடம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான்கு நாள் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். நாற்பத்தொரு வயதில் ஒருவனுக்கு வேறு வேலை கிடைத்துவிடும், ஐம்பத்து மூன்று வயதில் கிடைக்காது... இப்படி ஒரு கணக்குப் போட்டேன். கூறு போடும் கணக்கில் பத்துக்கு ஆறு வாங்குகிறவன், இதில் மட்டும் விடை எனக்குச் சாதகமாக வரும்வரை விடாமல் போட்டேன்.

ஸ்டீபனுக்கும் ரத்து செய்கிற வழி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "அண்ணே, உங்க தேதி..." என்று இழுத்தான். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கிட்ட வந்திருச்சு. நல்லாப் படிங்க" என்று முடித்துவிட்டான்.

கடைசி வாரம் போனேன். பையைக் காலி செய்யச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். மனசை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

விளக்கப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது – முந்தைய கேள்விக்குத் திரும்ப இயலாது. தடித்த எழுத்தில்.

ஆறாவது கேள்வியே தெரியவில்லை. ஏதோ ஒன்றை அமுக்கினேன். ஒன்பதாவதும் தெரியவில்லை. அமுக்கினேன். மொத்தம் இருபத்தொரு கேள்விகளுக்கு அப்படித்தான் பதில் போட்டேன். ஸ்டீபன் விட்டது பதினேழு. நான் விட்டிருக்க வேண்டியது இருபத்தொன்று. மரத்தூளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எலியைப் பற்றியும் இல்லை.

முடிவு உடனே திரையில் வந்தது. பாஸ். மயிரிழையில்.

பாடத்தில் ஒரு பகுதி உண்டு. நெட்வொர்க்கில் அனுப்பிய தகவல் வழியில் தொலைந்துபோனால், போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி அனுப்பிக்கொள்ளும். மிக அழகான ஏற்பாடு. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்ட தவறான தகவலைத் திரும்ப வாங்குவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

ஸ்டீபனின் கடைசி நாளன்று, "கேபிள் எல்லாம் எங்க எங்க போகுதுன்னு ஒரு ப்ளான் வரைஞ்சு குடுக்கட்டுமா, அண்ணே?" என்றான்.

"இருபத்திரண்டு வருஷம் இருக்கேன். எனக்குத் தெரியாததா?" என்றேன்.

அவன் சிரித்தான். கிண்டலாகச் சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது ஜொகூர் பாரு பக்கம் புதிதாக எழும்புகிற டேட்டா சென்டர் ஒன்றில் கேபிள் இழுக்கிறான், துணைக் குத்தகைக்காரர் ஒருவரிடம். தினக்கூலி. சான்றிதழ் இல்லாதவர்கள் இழுக்கலாம், இணைக்கக் கூடாதாம். நாலு பேரோடு ஓர் அறையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூவாருக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களிடம் சொல்வது சுலபம். அவ்வளவுதான் காரணம்.

படம் மாட்டி இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், தொழிற்சாலையின் பாதி நெட்வொர்க் படுத்துவிட்டது. சரக்கு ஏற்ற வந்த மூன்று லாரிகள் பில் அச்சாகாமல் வாசலில் நிற்கின்றன. மேடம் என்னைப் பார்க்கிறார். சான்றிதழ் பெற்றவன் ஏணியில் ஏறினேன். இறங்கினேன். வேறு இடத்தில் ஏறினேன். முக்கால் மணி நேரம் ஆனது. வேறு வழியில்லாமல் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து அவனை அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் ஏதோ துளை போடும் சத்தம்.

"சொல்லுங்கண்ணே."

சொன்னேன்.

"பெயிண்ட் அடிக்கிற இடம் இருக்குல்ல? அதுல மூணாவது தூணு. பின்னால ஒரு பழைய அலமாரி இருக்கும், நகர்த்துங்க. சின்ன ஸ்விட்ச் ஒண்ணு. அது சூடாயிருக்கும். தூசி தட்டிட்டு, ரெண்டு நிமிஷம் ஆறவிட்டுப் போடுங்க."

அப்படியே செய்தேன். என் கைப்பேசி தானாகத் தாவிக்கொண்ட தொழிற்சாலை வயர்லெஸ் உட்பட எல்லாம் எழுந்து நின்றது. பில் அச்சாகும் சத்தம் கேட்டது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"நல்லது." கொஞ்சம் தயங்கினான். "அண்ணே, அடுத்த மாசம் மறுபடி எழுதலாம்னு இருக்கேன். தேதி கிடைச்சிருச்சு. நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே... ஏதாச்சும் டிப்ஸ் இருந்தா சொல்லுங்களேன்."

"ஹலோ... ஸ்டீபன்... சரியாக் கேக்கல. இங்க லைன் விட்டு விட்டு வருது. அப்புறம் கூப்பிடறேன்" என்றேன்.

லைன் அருமையாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவன் சரிசெய்து கொடுத்த லைன்.